பதில் வந்தால் எந்த ஃபங்ஷன், யாருக்காக? எம்க்யூஎல்5-இல் ஒரு பாஸ்கெட் மூடலின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மெட்டாடிரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருளில் ஓடும் ஓர் எக்ஸ்பர்ட் அட்வைசர், அதாவது எம்க்யூஎல்5 மொழியில் எழுதிய தானியங்கி வர்த்தக நிரல். கணக்கு ஹெட்ஜிங் வகை: ஒவ்வொரு பொசிஷனும், அதாவது திறந்திருக்கும் ஒவ்வொரு டிரேடும், தனி டிக்கெட் எண்ணோடு தனித்தே நிற்கும். யூரோ-டாலர், பவுண்ட்-டாலர், டாலர்-யென் என்று ஏழு கரன்சி ஜோடிகளில் ஒரே சமயத்தில் பொசிஷன் வைத்திருக்கும். ஏழையும் ஒரு பாஸ்கெட்டாகச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும். மொத்த லாபம் குறித்த தொகையைத் தொட்டாலோ, மொத்த நஷ்டம் எல்லையைத் தாண்டினாலோ ஏழையும் ஒரேயடியாக மூடியாக வேண்டும். உள்ளே போவதில் சிக்கல் எதுவும் இல்லை. வெளியே வருவதில்தான் எல்லாச் சிக்கலும்.

முதல் வடிவத்தில் மூடும் பகுதி ஒரு சாதாரணச் சுற்று. பொசிஷன்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்திசை ஆர்டரை ஆர்டர்சென்ட் மூலம் அனுப்பும். சர்வரின் பதில் கையில் கிடைக்கும்வரை ஆர்டர்சென்ட் திரும்பி வராது. ஒரு பதிலுக்கு 200 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், ஏழாவது கோரிக்கை கிளம்பும்போதே 1.2 விநாடி கழிந்திருக்கும். சந்தை அமைதியாக இருக்கும்போது இது யார் கண்ணிலும் படாது. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வெளியாகும் நிமிடத்தில் அந்த 1.2 விநாடிக்குள் விலை எங்கேயோ போய்விடும். முதல் ஜோடி முடிவெடுத்த விலைக்குப் பக்கத்தில் மூடும். கடைசி ஜோடி வேறொரு சந்தையில் மூடும். பாஸ்கெட் என்ற கருத்தே அங்கு உடைந்துபோகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எம்க்யூஎல்5-இல் ஓர் எக்ஸ்பர்ட்டுக்கு ஒரே ஒரு திரெட்தான், அதாவது ஒரே இயக்க இழைதான். அதன் நிகழ்வுகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகவே கவனிக்கப்படும். ஆர்டர்சென்ட் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், டிக் எனப்படும் புது விலை வரும்போது ஓட வேண்டிய ஆன்டிக், குறித்த இடைவெளியில் ஓட வேண்டிய ஆன்டைமர் எதுவும் ஓடாது. வரிசையில் ஏற்கெனவே ஒரு டிக் காத்திருந்தாலோ, ஒரு டிக் கவனிக்கப்பட்டுக்கொண்டிருந்தாலோ, அடுத்து வரும் டிக் வரிசையில் சேர்க்கப்படவே மாட்டாது. ஆக, மிக அவசரமான நேரத்தில்தான் நிரல் சந்தையைப் பார்க்காமல் நிற்கிறது.

தீர்வு எம்க்யூஎல்5 ஆவணத்திலேயே இருக்கிறது: ஆர்டர்சென்ட்அசிங்க். அது கோரிக்கையை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். ஏழு கோரிக்கைகளும் அடுத்தடுத்து கிளம்பிவிடும். அது ட்ரூ என்று திரும்பினால், கூடவே 10008 என்ற குறியீடும் கிடைக்கும். கோரிக்கை அனுப்பப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. சர்வரை எட்டியதா, ஏற்கப்பட்டதா, நிறைவேறியதா என்பதெல்லாம் பிறகு ஆன்டிரேட்டிரான்சாக்‌ஷன் என்ற ஃபங்ஷனின் வழியாகத்தான் தெரியவரும். டெர்மினல், அதாவது நம் கணினியில் ஓடும் மெட்டாடிரேடர், நம்மைத் திரும்ப அழைக்கிறது. கால்பேக் என்பதன் மிக நேரடியான வடிவம் இதுதான்.

ஆனால் டெர்மினல் அழைப்பது ஒரே ஒரு ஃபங்ஷனை. ஏழு கோரிக்கைகளின் பதில்கள் மட்டுமல்ல, கணக்கில் நடக்கும் எல்லா மாற்றங்களும் அதே வாசலில்தான் வந்து இறங்கும். கணக்கு வைத்திருப்பவர் கைப்பேசியிலிருந்து கையால் போட்ட டிரேடும் அதில் அடக்கம். ஒரு சந்தை ஆர்டருக்கே ஆர்டர் சேர்ந்தது, டீல் (நிறைவேறிய பரிமாற்றம்) சேர்ந்தது, ஆர்டர் பட்டியலிலிருந்து நீங்கியது, வரலாற்றில் பதிவானது, கோரிக்கைக்குப் பதில் வந்தது என்று பல செய்திகள் தனித்தனியாக வரும். ஏழு பொசிஷனுக்கு எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம்.

இந்த எக்ஸ்பர்ட்டின் இரண்டாம் வடிவம் அந்த ஒற்றை ஃபங்ஷனுக்குள் எல்லாவற்றையும் திணித்தது. 'மூடிக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு உலகளாவிய மாறி, 'இன்னும் எத்தனை பாக்கி' என்று இன்னொன்று, அதற்குள் செய்தியின் வகைக்கேற்பக் கிளை பிரியும் ஒரு நீண்ட ஸ்விட்ச். டீல் வந்தால் பாக்கியில் ஒன்றைக் குறை, பூஜ்யமானால் பாஸ்கெட் முடிந்தது என்று எழுது. படிக்க ஒழுங்காகத்தான் இருந்தது. மூடல் நடக்கும்போதே யாராவது கையால் ஒரு டிரேடு போட்டால், அந்த டீலும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துவிடும். ஆறு பொசிஷன் மூடியதுமே 'முடிந்தது' என்று நிரல் கை கழுவிவிடும். ஏழாவது கவனிப்பாரில்லாமல் திறந்தே கிடக்கும்.

வந்த பதில் எந்தக் கோரிக்கையுடையது, அதற்கு எந்த ஃபங்ஷன் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளையும் கலந்துவிட்டதுதான் இங்கே உள்ள கோளாறு. இரண்டையும் பிரித்துவிட்டால் ஸ்விட்சே தேவைப்படாது. அங்கேதான் ஃபங்ஷன் பாயின்டர் வருகிறது: எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்பதை வைத்துக்கொள்ளும் மாறி.

மொழி எவ்வளவு தருகிறது

மெட்டாடிரேடர் 4-இன் மொழியான பழைய எம்க்யூஎல்4-இல் கால்பேக் என்றால் டெர்மினல் அழைக்கும் மூன்று பெயர்கள் மட்டுமே: இனிட், ஸ்டார்ட், டிஇனிட். 2014 பிப்ரவரியில் வெளியான பில்ட் 600 என்ற பதிப்பு அந்த மொழியை எம்க்யூஎல்5-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கிளாஸ், ஸ்ட்ரக்சர் எல்லாம் கொடுத்தது. எம்க்யூஎல்5-க்கு ஃபங்ஷன் பாயின்டர் 2016-இல்தான் வந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் அதன் தடயம் இன்றும் தெரியும். பொருள்களின் பட்டியலான சிஅரேஆப்ஜெ வகையில் வரிசைப்படுத்த வேண்டுமானால் ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுக்க முடியாது. சிஆப்ஜெக்ட்டிலிருந்து ஒரு கிளாஸை வருவித்து, கம்பேர் என்ற வர்ச்சுவல் மெத்தடை (வருவித்த கிளாஸ் மாற்றி எழுதக்கூடிய ஃபங்ஷனை) நாமே எழுத வேண்டும். வர்ச்சுவல் மெத்தடையே கால்பேக்காகப் பயன்படுத்திய காலத்தின் பழக்கம் அது.

தொடரமைப்பு சி மொழிக்காரர்களுக்குப் பழகியதுதான். டைப்டெஃப் என்று தொடங்கி, திரும்பும் வகை, அடைப்புக்குள் நட்சத்திரக் குறியும் புது வகையின் பெயரும், பிறகு அளவுருக்களின் வகைகள். அந்த வகையில் ஒரு மாறியை அறிவித்து, பொருந்தும் ஃபங்ஷனின் பெயரை அதற்கு ஒதுக்கினால் போதும். அளவுருவோ திரும்பும் வகையோ பொருந்தாவிட்டால் கம்பைலர் அங்கேயே தடுத்துவிடும். பண விஷயத்தில் இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. பெயரைச் சரமாக வைத்துக்கொண்டு ஓடும்போது தேடும் மொழிகளில் இந்தப் பிழை சந்தை திறந்த பிறகுதான் வெளியே வரும்.

மொழி தராதவையும் உண்டு. ஒரு பொருளின் சாதாரண மெத்தடுக்கு, அதாவது ஸ்டாட்டிக் அல்லாத மெத்தடுக்கு, பாயின்டர் எடுக்க முடியாது. லாம்டா எனப்படும் பெயரில்லாத ஃபங்ஷன் கிடையாது, சுற்றுப்புற மாறிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குளோஷர் கிடையாது. ஆகவே எம்க்யூஎல்5-இல் ஃபங்ஷன் பாயின்டர் நினைவில்லாத முகவரி. எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். யாருக்காக என்று தெரியாது. சி மொழியும் இதே குறையோடுதான் வளர்ந்தது. அதன் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட்டுக்கு ஒப்பிடும் ஃபங்ஷனை மட்டுமே கொடுக்கலாம், கூடவே எந்தத் தகவலையும் அனுப்ப வழியில்லை. அதனால்தான் பின்னாளில் கூடுதல் அளவுருவோடு க்யூசார்ட்_ஆர், க்யூசார்ட்_எஸ் போன்றவை தேவைப்பட்டன. நம் பாஸ்கெட் எக்ஸ்பர்ட்டிலும் முழு வடிவமைப்பும் அந்த 'யாருக்காக' என்ற தகவலை எங்கே வைப்பது என்பதைச் சுற்றியே அமைந்தது.

பதிவேடு

ஆர்டர்சென்ட்அசிங்க் திரும்பும்போது எம்க்யூஎல்டிரேட்ரிசல்ட் ஸ்ட்ரக்சரில் ரிக்வெஸ்ட்_ஐடி என்ற எண்ணை டெர்மினல் நிரப்பித் தருகிறது. பதில் வரும்போது, செய்தியின் வகை டிரேட்_டிரான்சாக்‌ஷன்_ரிக்வெஸ்ட் ஆக இருந்தால், அதே எண் ஆன்டிரேட்டிரான்சாக்‌ஷனின் மூன்றாம் அளவுருவில் இருக்கும். மற்ற வகைச் செய்திகளில் இரண்டாம், மூன்றாம் அளவுருக்களை எடுத்துப் பார்க்கவே கூடாது. அவற்றுக்கு அங்கே பொருளில்லை. ரயில் நிலைய கிளோக் ரூமில் கொடுக்கும் டோக்கன் போல இந்த எண். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று டோக்கனைப் பார்த்துத் தெரியாது. அதைக் குறித்துவைக்க வேண்டியது நாம்.

எனவே மூன்றாம் வடிவத்தில் ஒரு பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் கோரிக்கை எண், பொசிஷன் டிக்கெட், பாஸ்கெட் எண், அனுப்பிய நேரம், எத்தனையாவது முயற்சி, மூட வேண்டிய லாட் (வர்த்தக அளவு), கடைசியில், பதில் வந்தால் அழைக்க வேண்டிய ஃபங்ஷனின் பாயின்டர். அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு இரண்டு அளவுருக்கள்: இந்தத் தகவல், சர்வரின் பதில். இரண்டும் ஸ்ட்ரக்சர் என்பதால் ரெஃபரன்ஸ் வழியாகத்தான் அனுப்ப முடியும்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு முடிச்சு தட்டுப்படும். பாயின்டரின் வகையை அறிவிக்கத் தகவல் ஸ்ட்ரக்சர் முன்பே இருக்க வேண்டும். அந்த ஸ்ட்ரக்சருக்குள் பாயின்டரை வைக்கப் பாயின்டரின் வகை முன்பே இருக்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று முன் வர முடியாது. இரண்டாகப் பிரித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். பாயின்டர் இல்லாத தகவல் ஸ்ட்ரக்சர் முதலில், அதைக் குறிப்பிட்டு டைப்டெஃப் அடுத்து, இவ்விரண்டையும் உள்ளடக்கிய பதிவு ஸ்ட்ரக்சர் மூன்றாவது. கம்பைலருக்காகச் செய்த இந்தப் பிரிவால் வேறொரு நன்மையும் கிடைத்தது. அழைக்கப்படும் ஃபங்ஷன் பதிவேட்டின் உட்புறத்தைத் தொடவே முடியாது. தனக்குரிய தகவலை மட்டுமே பார்க்கிறது.

பாஸ்கெட் பொருளின் பாயின்டரையே பதிவில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம். எம்க்யூஎல்5-இல் பொருளின் பாயின்டர் நினைவக முகவரி அல்ல, டெர்மினல் கொடுக்கும் ஓர் அடையாள எண். பொருள் அழிக்கப்பட்டிருந்தால் செக்பாயின்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் பாஸ்கெட் எண்ணை மட்டும் பதிவில் வைத்து, பதில் வரும்போது தேடி எடுப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். தேடிக் கிடைக்காவிட்டால் அந்தப் பாஸ்கெட் முடிந்துபோனது என்று தெரிந்துவிடும். அதற்கு என்ன செய்வது என்று தெளிவாக எழுதிவைக்கலாம். செக்பாயின்டரை ஓரிடத்தில் மறந்துவிட்டு அழிந்த பொருளைத் தொட்டால் முழு எக்ஸ்பர்ட்டும் நின்றுபோகும். திறந்த பொசிஷன்களோடு நின்றுபோன எக்ஸ்பர்ட்டைவிட மோசமான நிலை இந்தத் தொழிலில் அதிகமில்லை. ஃபங்ஷன் பாயின்டர் நல் ஆக, அதாவது எதையும் காட்டாமல் வெறுமையாக, இருக்கும்போது அழைப்பதும் இதே ரகம். எனவே பதிவேட்டில் வரியைச் சேர்க்கும் ஒரே இடத்தில் அது நல் ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்; அழைக்கும் இடங்களிலெல்லாம் பார்ப்பதை நம்பி இருக்கக் கூடாது.

அனுப்பிய பிறகுதான் கோரிக்கை எண் கிடைக்கிறது, அதன் பிறகே பதிவேட்டில் எழுத முடியும் என்றால், எழுதுவதற்குள் பதில் வந்துவிடாதா? பல திரெட் உள்ள மொழியில் இது உண்மையான ஆபத்து. இங்கே இல்லை. ஒரே திரெட் என்பதால், இப்போது ஓடும் ஃபங்ஷன் முடியும்வரை ஆன்டிரேட்டிரான்சாக்‌ஷன் உள்ளே வர முடியாது. அனுப்புவதும் எழுதுவதும் ஒரே ஃபங்ஷனுக்குள் அடுத்தடுத்து நடந்தால் போதும். முன்பு குறையாகத் தெரிந்த ஒற்றைத் திரெட் இங்கே பாதுகாப்பாகிவிடுகிறது.

அழைப்பதற்கு முன் அழிப்பது

பதில் வந்தது, பதிவேட்டில் வரி கிடைத்தது. இனி பாயின்டர் வழியாக அழைத்துவிட்டு, வரியை நீக்கிவிடலாம். இயல்பாக எழுதினால் இந்த வரிசையில்தான் எழுதுவோம். இதில் ஒளிந்திருக்கும் பிழை பல நாள் தூங்கும்.

அழைக்கப்பட்ட ஃபங்ஷன் சும்மா இருக்காது. ரீகோட், அதாவது விலை மாறிவிட்டது என்ற பதில், வந்திருந்தால் புது விலையில் மறுபடி அனுப்பும். மறுபடி அனுப்பினால் பதிவேட்டில் புது வரி சேரும். சில சமயம் பழைய வரிகள் நீங்கும். ஃபங்ஷன் திரும்பி வந்ததும், முன்பு கண்டுபிடித்து வைத்திருந்த வரிசை எண்ணில் இப்போது வேறொரு கோரிக்கை இருக்கலாம். அதை நீக்கிவிடுவோம். அந்தக் கோரிக்கையின் பதில் வரும்போது பதிவேட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பழைய வரியோ நீக்கப்படாமல் கிடந்து, காலாவதிச் சோதனையில் மறுபடி உயிர்பெறும்.

சரியான வரிசை: வரியை நகலெடு, பதிவேட்டிலிருந்து நீக்கு, பிறகு நகலை வைத்து அழை. அழைக்கப்படும் ஃபங்ஷன் எதைச் செய்தாலும் பதிவேடு ஏற்கெனவே சுத்தமாக இருக்கும். ஒரு பதிலுக்கு ஒரு முறைதான் அழைப்பு என்பதும் இதனால் தானாகவே உறுதியாகிறது. இந்த ஆய்வில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வரிசை மாறி வரும் செய்திகள்

செய்திகள் எந்த வரிசையில் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று எம்க்யூஎல்5 ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. டீல் சேர்ந்தது என்ற செய்தி, கோரிக்கைக்கான பதிலுக்கு முன்பே வரலாம். பதிலை மட்டும் நம்பியிருக்கும் கால்பேக்குக்கு இதனால் ஆபத்தில்லை. டீலையும் எண்ணிப் பார்க்கும் கால்பேக்குக்குத்தான் ஆபத்து, ஏனெனில் டீல் செய்தியில் கோரிக்கை எண் இருக்காது.

மூடும் வேலைக்கு மட்டும் ஒரு சாதகம் உண்டு. ஹெட்ஜிங் கணக்கில் மூடும் கோரிக்கையில் பொசிஷன் டிக்கெட்டைக் குறிப்பிடுகிறோம். டீல் செய்தியிலும் பொசிஷன் டிக்கெட் இருக்கிறது. ஆகவே இந்த எக்ஸ்பர்ட் இரண்டு சாவிகளை வைத்துக்கொண்டது. சர்வர் ஏற்றதா, மறுத்ததா என்பதைக் கோரிக்கை எண்ணால் தெரிந்துகொள்ளும். பொசிஷன் உண்மையில் மூடிவிட்டதா என்பதைப் பொசிஷன் டிக்கெட்டால் தெரிந்துகொள்ளும். கைப்பேசியிலிருந்து வந்த அந்நிய டீலின் டிக்கெட் பாஸ்கெட்டில் இருக்காது. அது யாரையும் பாதிக்காமல் கடந்துபோகும். இரண்டாம் வடிவத்தைக் கவிழ்த்த அந்தப் பிழை, தனியாக ஒரு திருத்தமும் எழுதாமலே மறைந்தது.

பதில் குறியீடுகள்

பதிலில் வரும் குறியீட்டைப் பார்த்து என்ன செய்வது என்பதில்தான் கால்பேக்கின் தரம் தெரியும். 10009 வந்தால் கோரிக்கை முழுதாக நிறைவேறியது. 10010 என்றால் பகுதி மட்டும். மிச்ச லாட்டுக்கு மறுபடி போக வேண்டும். 10004 ரீகோட், விலையைப் புதுப்பித்து அனுப்பலாம். 10018 என்றால் சந்தை மூடியிருக்கிறது. உடனே மறுபடி அனுப்புவதில் பயனில்லை. 10024 வந்தால் கோரிக்கைகள் மிக அடிக்கடி போகின்றன. கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். 10008 பதிலிலும் வரலாம், குறிப்பாகப் பங்குச்சந்தை முறையில் நிறைவேற்றும் இடங்களில்: ஆர்டர் வைக்கப்பட்டது, டீல் பிறகு வரும். அதை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு குறியீடுகள். 10036 என்றால் பொசிஷன் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. மூடும் கால்பேக்குக்கு இது வெற்றிச் செய்தி. பிழை என்று நினைத்து மறுபடி முயலக் கூடாது. 10039 என்றால் அந்தப் பொசிஷனுக்கு மூடும் ஆர்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சும்மா காத்திருக்க வேண்டும். பொதுவாக எழுதப்படும் 'பிழை வந்தால் மூன்று முறை முயல்' என்ற கால்பேக் இந்த இரண்டையும் தவறாகவே கையாளும்.

இந்த எக்ஸ்பர்ட்டில் குறியீட்டுக்கு ஒரு ஃபங்ஷன் பாயின்டர் என்று ஓர் அட்டவணை போட்டோம். நூற்றுக்கணக்கான வரி ஸ்விட்ச், சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக உடைந்தது. அட்டவணையில் இல்லாத குறியீடு வந்தால் இயல்பாக ஓடும் ஃபங்ஷன் எது என்பதை எழுதும்போதே முடிவுசெய்ய வேண்டும். நாங்கள் வைத்தது: எதையும் அனுப்பாதே, பாஸ்கெட்டை 'சரிபார்க்க வேண்டும்' நிலைக்கு மாற்று.

மறுபடி அனுப்பும் ஃபங்ஷனுக்கு, இதுவரை எவ்வளவு நிறைவேறியது என்ற கணக்கு எட்டாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வணிக மென்பொருள் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் சந்தை திறந்தபோது, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்பட்டிருக்கவில்லை. புதிய வேலைக்காக மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு கொடி (நிரலுக்கு வழிகாட்டும் அடையாளக் குறி), அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய, கைவிடப்பட்ட ஃபங்ஷனைத் தட்டி எழுப்பியது. ஒரு பெரிய ஆர்டரில் எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணும் பகுதியை 2005-இலேயே நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. நிறைவேறிய செய்தி அதற்கு எட்டாததால், அது மேலும் மேலும் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 212 ஆர்டர்கள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரேடுகளாகப் பெருகின. நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே குறிக்கு ஓரிடத்தில் ஒரு ஃபங்ஷனும் இன்னோரிடத்தில் வேறொரு ஃபங்ஷனும் ஓடியது. ஓடிய ஃபங்ஷனுக்கு நிலவரம் எட்டவில்லை. அளவை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் பாஸ்கெட்டில் ஒரே பொசிஷனுக்கு இரண்டு முறை மூடும் ஆர்டர் போவதும் இதே குடும்பம்தான். அதனால் மறுபடி அனுப்பும் எந்த ஃபங்ஷனும் முதலில் பொசிஷன் இன்னும் இருக்கிறதா, எத்தனை லாட் மிச்சம் என்று டெர்மினலிடம் நேரே கேட்க வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக்கினோம். பதிவில் எழுதியிருக்கும் லாட்டை நம்பி அனுப்பக் கூடாது.

கால்பேக்குக்குள் எதைச் செய்யக் கூடாது

ஆன்டிரேட்டிரான்சாக்‌ஷனுக்கான வரிசையின் நீளம் 1024. ஒரு செய்தியைக் கவனிப்பதிலேயே நிரல் நீண்ட நேரம் செலவழித்தால், வரிசையில் காத்திருக்கும் பழைய செய்திகளைப் புதியவை தள்ளிவிடலாம். ஏழு ஜோடிக்கு 1024 போதுமே என்று தோன்றும். கால்பேக்குக்குள் வெப்ரிக்வெஸ்ட் மூலம் டெலிகிராமுக்கு 'பாஸ்கெட் மூடியது' என்று செய்தி அனுப்பும் பழக்கம் பல நிரல்களில் உண்டு. வெப்ரிக்வெஸ்ட் பதில் வரும்வரை திரும்பாது. அசிங்க் முறைக்கு மாறிச் சேமித்த நேரத்தை அந்த ஒரு வரி முழுதாகத் தின்றுவிடும். கால்பேக் நிலையை மட்டும் மாற்ற வேண்டும். செய்தி அனுப்புவது, கோப்பில் எழுதுவது எல்லாம் ஆன்டைமரில் நடக்கட்டும்.

ஆன்டைமருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: பதிலே வராத கோரிக்கைகள். இணைப்பு அறுந்தால் பதில் வராமலே போகலாம். பதிவேட்டில் அனுப்பிய நேரம் இருப்பதால், எல்லை தாண்டிய வரிகளை டைமர் எடுத்து, அதே நகல்-நீக்கு-அழை வரிசையில், காலாவதிக்கான ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. அது பொசிஷனைப் பார்த்து முடிவெடுக்கும். பதில் பிறகு தாமதமாக வந்தால் பதிவேட்டில் அதற்கு வரி இருக்காது. லாகில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

டெர்மினலே மூடித் திறக்கப்பட்டால் பதிவேடு முழுதும் போய்விடும். பாயின்டரைக் கோப்பில் சேமித்துவைப்பதில் அர்த்தமில்லை. நிரல் தொடங்கும்போது ஓடும் ஆன்இனிட்டில் பழைய கோரிக்கைகளை உயிர்ப்பிக்க முயலாமல், எக்ஸ்பர்ட் தன் டிரேடுகளில் பதித்த அடையாளமான மேஜிக் எண்ணை வைத்துத் திறந்திருக்கும் பொசிஷன்களைப் படித்து, பாஸ்கெட்டைப் புதிதாகக் கட்டிக்கொள்வதே நேர்மையான வழி.

டிஎல்எல், அதாவது வெளியிலிருந்து இணைக்கும் நிரல் கோப்பு, பற்றி ஒரு சொல். ஃபங்ஷன் பாயின்டர் கிடைத்ததும், அதை வெளி டிஎல்எல்-க்குக் கொடுத்து 'விலை வந்தால் என்னை அழை' என்று சொல்ல ஆசை வரும். இறக்குமதி செய்த ஃபங்ஷன்களுக்குப் பாயின்டரை அனுப்ப மொழி அனுமதிப்பதில்லை. வெளி நிரலின் திரெட் நடுவில் புகுந்து நம் ஃபங்ஷனை ஓட்டினால், மேலே சொன்ன ஒற்றைத் திரெட் பாதுகாப்பு எல்லாம் போய்விடும் என்பதால், இந்தத் தடையை நான் குறையாக நினைக்கவில்லை. டிஎல்எல் தன் பக்கம் ஒரு வரிசையில் சேர்த்துவைக்கட்டும். எக்ஸ்பர்ட் ஈவென்ட்செட்மில்லிசெகண்ட்டைமர் வைத்து அடிக்கடி எடுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு குறைத்து வைத்தாலும் 10 முதல் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் டைமர் அடிக்காது. பாஸ்கெட் வேலைக்கு அது தாராளம்.

சோதிப்பது எப்படி

அசிங்க் நிரலின் மிகப் பெரிய தடை டெஸ்டர்தான். பழைய விலைகளில் நிரலை ஓட்டிப் பார்க்கும் ஸ்ட்ராட்டஜி டெஸ்டரில் ஆர்டர்சென்ட்அசிங்க் சாதாரண ஆர்டர்சென்ட் போலவே நடந்துகொள்ளும். தாமதமான பதில், தொலைந்த பதில், தலைகீழ் வரிசை எதுவும் அங்கே தெரியாது. பத்து வருட வரலாற்றில் பச்சைக் கோடு ஏறிய நிரல் முதல் செய்தி நாளன்றே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாயின்டர்களால் இதற்கு வழி பிறந்தது. அனுப்பும் வேலையையும் ஒரு ஃபங்ஷன் பாயின்டருக்குப் பின்னால் வைத்தோம். நேரடிக் கணக்கில் அது ஆர்டர்சென்ட்அசிங்க்கைச் சுற்றி எழுதிய சிறிய ஃபங்ஷனைக் காட்டும். சோதனையில் போலி ஃபங்ஷனைக் காட்டும். அது எதையும் அனுப்பாது, ஒரு கோரிக்கை எண்ணை மட்டும் கொடுத்து, கோரிக்கையைக் குறித்துவைத்துக்கொள்ளும். ஆன்டிரேட்டிரான்சாக்‌ஷனின் உள்ளடக்கம் முழுதும் தனி ஃபங்ஷனாக இருப்பதால், ஒரு ஸ்கிரிப்ட் தானே செய்திகளைத் தயாரித்து அதற்குள் செலுத்தலாம். பதிலுக்கு முன் டீல், ஒரே பதில் இரண்டு முறை, மூன்றாவது பொசிஷனுக்கு 10004, ஐந்தாவதுக்கு பதிலே இல்லை, நடுவில் அந்நிய டீல் என்று எந்தக் குழப்பத்தையும் வேண்டிய வரிசையில் கொடுத்து, கடைசியில் பதிவேடு காலியா, பாஸ்கெட்டின் நிலை சரியா என்று பார்க்கலாம். 'அழைத்த பிறகு நீக்குவது' என்ற பிழையைக் கண்ணால் படித்துப் பிடிப்பது கடினம். இந்த ஸ்கிரிப்டில் மூன்றாவது பொசிஷனின் ரீகோட்டை ஐந்தாவதின் பதிலோடு கலந்து கொடுத்ததும் பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சி நின்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாயின்டர் எங்கே போதாது

எல்லாவற்றையும் ஃபங்ஷன் பாயின்டரால் செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பதிலைப் பிரித்து அனுப்புவது, குறியீட்டு அட்டவணை, அனுப்பும் ஃபங்ஷனை மாற்றுவது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டியது ஆகியவை பாயின்டருக்கு உரியவை. அவை நிலை எதையும் சுமப்பதில்லை. வேண்டியதெல்லாம் அளவுருவில் வந்துவிடுகிறது. பாஸ்கெட்டை எப்போது மூடுவது என்ற விதி அப்படியல்ல. லாபம் எவ்வளவு உயரம் தொட்டது, அங்கிருந்து எவ்வளவு இறங்கியது, எந்த நேரத்தில் என்று அது தானே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பாயின்டராக எழுதினால், நினைவுக்காக உலகளாவிய மாறிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். இரண்டு பாஸ்கெட் ஓடும்போது ஒன்றின் உயரத்தை மற்றது மாற்றி எழுதும். அந்த இடத்தில் வர்ச்சுவல் மெத்தடுகள் கொண்ட ஒரு கிளாஸ்தான் சரி. மூன்றாம் வடிவத்தில் மூடும் விதிகள் அப்படியே பொருள்களாக இருக்கின்றன; ஒவ்வொரு பாஸ்கெட்டும் தன் விதியைத் தானே உருவாக்கி, தானே அழிக்கிறது. பதிவேட்டுக்கு அந்த விதிகள் இருப்பதே தெரியாது.